ஐந்து நாற்காலிகள்: கருணை மனுவைப் படிப்பவர்களை யார் நியமிக்கிறார்கள்?

2023 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், மன்னிப்பு மற்றும் பரோல் வாரியத்தின் முன்னால் ரிச்சர்ட் கிளாசிப்பின் கருணை மனு வந்தது. மே 18 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்ற நாள் குறித்திருந்தார்கள். மனுவுக்கு ஆதரவாகப் பேச வந்தவர்களில் ஒருவர் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஜென்ட்னர் டிரம்மண்ட். வழக்கமாக அந்தப் பதவியில் இருப்பவர் இப்படிப்பட்ட விசாரணைகளுக்கு ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வருவார்: "மனுவைத் தள்ளுங்கள், தண்டனையை நிறைவேற்றுவோம்" என்று சொல்ல. டிரம்மண்ட் மரண தண்டனைக்கு எதிரானவரும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கு நடந்த விதத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று வாரியத்தின் முன்னால் நேரில் வந்து சொன்னார்.

வாக்கெடுப்பில் ஆதரவு இரண்டு, எதிர்ப்பு இரண்டு. சமமாக நின்றால் மனு தோற்றதாகக் கணக்கு. பெரும்பான்மை கிடைக்காத மனுவை ஆளுநர் விரும்பினாலும் ஏற்க முடியாது என்பது அந்த மாநிலத்துச் சட்டம்.

வாரியத்தில் இருப்பது ஐந்து இடங்கள். ஐந்தாவது உறுப்பினர் ரிச்சர்ட் ஸ்மதர்மன் அன்று ஒதுங்கிக்கொண்டார். காரணம் நியாயமானது. கிளாசிப்பின் 2004ஆம் ஆண்டு மறுவிசாரணையை அரசுத் தரப்பில் நடத்திய வழக்கறிஞர் அவருடைய மனைவி. அப்படிப்பட்டவர் வாக்களித்திருந்தால்தான் தப்பு. சரி, ஒதுங்கியவருக்குப் பதிலாக ஒருவரை உட்கார வைக்க ஏற்பாடு உண்டா? இல்லை. அவர் இடம் காலியாகவே இருந்தது. காலியான இடம் கடைசியில் மனுவுக்கு எதிரான வாக்காகவே வேலை செய்தது. மே மாதம் 5ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தண்டனையை நிறுத்திவைத்தது. 2025 பிப்ரவரி 25 அன்று தண்டனைத் தீர்ப்பையே ரத்து செய்தது. அட்டர்னி ஜெனரல் சந்தேகப்பட்டதில் பொருள் இருந்தது என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்ட வழக்கு, வாரியத்தில் ஒரு வாக்கில் தோற்றிருந்தது.

கருணை மனு என்றால் நாம் குற்றம், வருத்தம், குடும்பத்தின் கண்ணீர், ஆளுநரின் கையெழுத்து இவற்றைப் பற்றியே பேசுகிறோம். அந்த மனுவைப் படிப்பவர்களை யார், எப்போது, எத்தனை ஆண்டுக்கு நியமித்தார்கள், அவர்களை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும், ஒருவர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அலுவலக விவகாரமாகத் தெரிகிறது. பல மனுக்களின் முடிவு இந்த அலுவலக விவகாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதற்கு ஓக்லஹோமாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க மாநில ஆளுநர் நம்மூர் ராஜ்பவன் ஆளுநர் மாதிரி அல்ல. அவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குச் சமம். நிலவரம் தெரியாமல் படித்தால் கதை முழுக்கத் தலைகீழாகப் புரியும். அதேபோல, பரோல் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சில நாள் விடுப்பு. அங்கே அது மிச்சத் தண்டனைக் காலத்தை நிபந்தனைகளோடு வெளியில் கழிப்பது.

மன்னிக்கும் அதிகாரம் ஆளுநர் ஒருவர் கையில் முழுசாக இருந்த காலமும் உண்டு. அப்போது என்ன நடந்தது என்பதுதான் வாரியங்கள் பிறந்த கதை. ஓக்லஹோமாவில் 1923 ஜனவரியில் பதவிக்கு வந்த ஜாக் வால்டன் அந்த ஆண்டு நவம்பரிலேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டுகளில் மன்னிப்பு அதிகாரத்தை அளவு மீறிப் பயன்படுத்தியதும் ஒன்று. டெக்சாஸில் மிரியம் ஃபெர்குசன் இரண்டு முறை ஆளுநராக இருந்தபோது மன்னிப்பு விலைக்குக் கிடைக்கிறது என்ற பேச்சு ஊர் முழுக்க இருந்தது. 1936இல் அரசியல் சட்டத்தையே திருத்தி அந்த அதிகாரத்தை ஒரு வாரியத்தோடு கட்டிப்போட்டார்கள். ஜார்ஜியாவில் 1943இல் ஆளுநரிடமிருந்து அதைப் பிடுங்கி வாரியத்திடமே கொடுத்துவிட்டார்கள். ஓக்லஹோமா தன் வாரியத்தை 1944இல் அமைத்தது.

ஆக, வாரியம் என்பது ஆளுநரைச் சந்தேகித்ததால் வந்த அமைப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரியத்தின் உறுப்பினர்களை நியமிக்கும் வேலையைப் பெரும்பாலான மாநிலங்கள் அதே ஆளுநரிடம் கொடுத்தன. அப்புறம், அந்தச் சிக்கலை ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் சமாளிக்கப் பார்த்தது. ஜார்ஜியாவில் ஐந்து உறுப்பினர்களுக்கும் ஏழு ஆண்டுப் பதவிக்காலம். ஒரே நேரத்தில் எல்லோர் காலமும் முடியாதபடி ஆண்டுகள் மாற்றி வைக்கப்பட்டுள்ளன. நான்கு ஆண்டுக்கு வரும் ஆளுநர் முழு வாரியத்தையும் தன் ஆட்களாக்கிக்கொள்ள முடியாது. டெக்சாஸில் ஏழு பேர், ஆறு ஆண்டு, செனட்டின் (மாநில மேலவையின்) ஒப்புதல் வேண்டும். நெப்ராஸ்காவில் தனியாக யாரையும் நியமிப்பதே இல்லை: ஆளுநர், மாநிலச் செயலாளர், அட்டர்னி ஜெனரல் மூவரும் சேர்ந்ததுதான் மன்னிப்பு வாரியம். மூவருமே தேர்தலில் வென்று வருபவர்கள். தேர்தலுக்கு நிற்கிறவர் கொலைக் கைதிக்குக் கருணை காட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

ஓக்லஹோமாவின் வழி வேறு. ஐந்தில் மூன்று பேரை ஆளுநர் நியமிப்பார். ஒருவரை மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, இன்னொருவரைக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. (அங்கே உயர்ந்த நீதிமன்றம் இரண்டு: சிவில் வழக்குகளுக்கு ஒன்று, கிரிமினல் வழக்குகளுக்கு ஒன்று.) காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. ஆனால் அடுத்த வரியில் இருக்கிறது விஷயம்: உறுப்பினர்களின் பதவிக்காலம் ஆளுநரின் பதவிக்காலத்தோடு ஓடுகிறது. ஆளுநர் மாறினால் வாரியமும் மாறலாம். ஜார்ஜியா செய்த மாதிரி ஆண்டுகளைக் கலைத்து வைக்கவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் பெரும்பான்மை எப்போதும் ஆளுநர் அனுப்பியவர்களிடம் இருக்கும்.

இதற்கு எதிர் எடையாக ஒரு பாதுகாப்பையும் அரசியல் சட்டம் வைத்தது. உட்கார வைத்தவரை ஆளுநர் நினைத்தபோது எழுப்ப முடியாது. தகுந்த காரணம் காட்டி, சட்டம் சொல்லும் முறையில்தான் நீக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2019 ஜனவரியில் கெவின் ஸ்டிட் ஆளுநரானார். அடமானக் கடன் நிறுவனம் நடத்தி வந்த குடியரசுக் கட்சிக்காரர். அதற்கு முன் அரசியல் பதவி எதுவும் வகித்ததில்லை. மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் ஆட்களைச் சிறையில் அடைப்பதில் அமெரிக்காவிலேயே முன்னணியில் இருந்த மாநிலம் அது. 2016இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப் பொருள் வைத்திருப்பதைச் சிறு குற்றமாகக் குறைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே தண்டனை பெற்றவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவர வாரியம் வேண்டும். அந்த வேலையில் மனம் உள்ள உறுப்பினர்கள் வேண்டும்.

ஸ்டிட் நியமித்தவர்களில் இருவர் ஆடம் லக், கெல்லி டாயில். லக், வீடில்லாதவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்பின் தலைவர். டாயில், சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வேலை தேடித்தரும் அமைப்பில் இருந்தவர். இரண்டு பேருமே, சிறை வாசலைத் தாண்டி வெளியே வந்தவன் அப்புறம் எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்பதை அன்றாடம் பார்த்தவர்கள். வாரியத்தில் குறைந்தது இரண்டு பேருக்கு மனநலம், போதை மீட்பு, சமூகப்பணி இவற்றில் ஒன்றில் அனுபவம் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டமே சொல்கிறது.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 2019 நவம்பர் 1 அன்று வாரியம் ஒரே நாளில் 527 பேருக்குத் தண்டனைக் குறைப்பைப் பரிந்துரைத்தது. நவம்பர் 4 அன்று அவர்களில் 462 பேர் வெளியே வந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேருக்குத் தண்டனை குறைந்தது அதுவே முதல் முறை. டாஃப்ட் என்ற சிற்றூரில் உள்ள எடி வாரியர் பெண்கள் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை ஆளுநரே போய் வரவேற்றார். கைதிகள் வெளியேறும்போது கையில் அடையாள அட்டை இருக்க வேண்டும் என்பதில் கூடக் கவனம் எடுத்திருந்தார்கள். அடையாள அட்டை இல்லாமல் வீடு வாடகைக்குக் கிடைக்காது, வேலை கிடைக்காது, வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. இதையெல்லாம் யோசிக்க அந்த வட்டாரத்தில் புழங்கியவர்கள் வேண்டும்.

அது வரைக்கும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த உறுப்பினர்களை நியமித்தபோது ஓக்லஹோமாவில் மரண தண்டனை நிறைவேற்றமே நின்றுபோயிருந்தது. 2014 ஏப்ரலில் கிளேட்டன் லாக்கெட்டுக்கு ஊசி போட்டபோது அவர் துடித்து, முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாக உயிர் பிரியாமல் இருந்தார். 2015 ஜனவரியில் இன்னொருவருக்குத் தவறான ரசாயனத்தைச் செலுத்தியது பிறகு தெரியவந்தது. அதோடு எல்லாம் நிறுத்தப்பட்டது. 2021 அக்டோபரில் மறுபடி தொடங்கினார்கள். போதைப் பொருள் கைதிகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் மேசைக்குக் கொலைக் கைதிகளின் கோப்புகள் வரத் தொடங்கின.

அதில் பெரிய பெயர் ஜூலியஸ் ஜோன்ஸ். 1999இல் நடந்த ஒரு கொலைக்காக 2002இல் மரண தண்டனை பெற்றவர். தான் செய்யவில்லை என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவர். அவருடைய மனு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஓக்லஹோமா கவுண்டியின் மாவட்ட அரசு வழக்கறிஞர் டேவிட் பிரேட்டர் நீதிமன்றத்துக்குப் போனார். லக்கும் டாயிலும் இந்த மனுவை விசாரிக்கக் கூடாது என்பது அவருடைய கோரிக்கை. கைதிகள் வெளியே வந்தால் இவர்கள் வேலை பார்க்கும் அமைப்புகளுக்கு ஆதாயம், அதனால் இவர்கள் நடுநிலை வகிக்க முடியாது என்றார். ஜோன்ஸ் மீது வழக்கு நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்த அலுவலகம் பிரேட்டரின் அலுவலகம்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது.

எனக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல். தொண்டு அமைப்பில் வேலை பார்ப்பவர் வாரியத்துக்கு வந்தால் "சார்பு" என்கிறார்கள். அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட வாரியங்களில் முன்னாள் அரசு வழக்கறிஞர்களும் போலீஸ் அதிகாரிகளும் சிறைத்துறை அதிகாரிகளும் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். அதை யாரும் சார்பு என்று சொல்வதில்லை, அனுபவம் என்கிறார்கள். ஓக்லஹோமாவின் அரசியல் சட்டத்திலேயே இந்தச் சாய்வின் தடம் இருக்கிறது. வாரிய உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர், பெருங்குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது. அது சரிதான், ஒரு கையால் கட்சிக்காரருக்கு வாதாடி மறு கையால் மன்னிப்பைப் பரிந்துரைக்கக் கூடாதல்லவா! ஆனால் நேற்றுவரை அரசுத் தரப்பில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பியவர் இன்று வந்து உட்காருவதற்கு அப்படி ஒரு தடை இல்லை. குறிப்பிட்ட ஒரு வழக்கில் நேரடித் தொடர்பு இருந்தால் ஒதுங்கிக்கொள்வார், ஸ்மதர்மன் ஒதுங்கியது போல. அப்போதும் நட்டம் கைதிக்குத்தான் என்பதை ஏற்கெனவே பார்த்தோம்.

ஜோன்ஸ் மனுவில் வாரியம் செப்டம்பர் 13 அன்று மூன்றுக்கு ஒன்று என்று அவருக்கு ஆதரவாக வாக்களித்தது. ஐந்தாவது உறுப்பினர் அன்றும் ஒதுங்கியிருந்தார். நவம்பர் 1 அன்று மறுபடி விசாரணை, மறுபடி மூன்றுக்கு ஒன்று. தண்டனைக்குக் குறித்த நாள் நவம்பர் 18, மாலை 4 மணி. முந்தின நாள் ஓக்லஹோமா நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து நின்றார்கள். மறுநாள் நடுப்பகல் தாண்டியதும் ஸ்டிட் ஆணையில் கையெழுத்திட்டார். வாரியம் கேட்டது என்றாவது ஒரு நாள் பரோலுக்கு வாய்ப்புள்ள ஆயுள் தண்டனை. ஆளுநர் கொடுத்தது பரோலே இல்லாத ஆயுள் தண்டனை. இனிமேல் எந்தக் கருணையும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அடுத்த இரண்டு மாதத்தில் லக் பதவி விலகினார். மரண தண்டனை விஷயத்தில் தங்கள் இருவருக்கும் கருத்து வேறு என்பதால் விலகுவதைப் பற்றி யோசிக்க முடியுமா என்று ஆளுநர் கேட்டிருந்ததாகத் தன் கடிதத்திலேயே எழுதியிருந்தார். நீக்க முடியாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. "யோசிக்க முடியுமா" என்று கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. நம் ஊர் அலுவலகங்களில் இதற்குப் பெயர் தெரியும்: "நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க." லக்கின் இடத்துக்கு எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையின் ஓய்வு பெற்ற பிஷப் ஒருவர் வந்தார். கொஞ்ச நாளில் டாயிலும் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞர். 2022 மே மாதம் பிரேட்டர் கூட்டிய கிராண்ட் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட விசாரணைக் குழு), வாரியத்தின் செயல்பாட்டையும், ஆளுநர் தன் நியமன உறுப்பினர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசியதையும் கடுமையாகக் கண்டித்து அறிக்கை கொடுத்தது.

அந்தக் கண்டனத்தில் அரசியல் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதன் உள்ளே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ஆளுநர் தன் நியமன உறுப்பினர்களிடம் "எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொல்லலாமா? 462 பேர் வெளியே வந்த நாளில் அந்தப் பேச்சு நல்லதாகத் தெரிந்தது. லக்கிடம் விலகச் சொன்ன நாளில் கெட்டதாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே வாசல் வழியாக வந்தவை.

இதில் ஓக்லஹோமாவுக்கு மட்டும் தனிக் குணம் எதுவும் இல்லை. அரிசோனாவில் விதிகள் பார்க்க இன்னும் கறாராக இருக்கும். காலியிடம் வந்தால் ஒரு தேர்வுக் குழு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஆளுநர் ஒருவரை எடுத்து, செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். ஒரே தொழிலிலிருந்து இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுப் பதவி. ஆனால் அந்தத் தேர்வுக் குழுவில் பொதுப் பாதுகாப்புத் துறை இயக்குநர், சிறைத்துறை இயக்குநர், கூடவே ஆளுநர் பொறுக்கி எடுத்த மூன்று பேர். சுற்றி வந்தாலும் ஊர் அதேதான்.

2009இல் அந்த வாரியம், 1975 முதல் கொலை வழக்கில் சிறையில் இருந்த வில்லியம் மெக்கம்பர் என்பவரை விடுவிக்கலாம் என்று ஒருமனதாகச் சொன்னது. நீதி தவறியிருக்கிறது என்று எழுதியே கொடுத்தது. ஆளுநர் ஜேன் புரூயர் காரணம் சொல்லாமல் நிராகரித்தார். 2012இல் தலைவர் உட்பட மூன்று உறுப்பினர்களுக்கு மறு நியமனம் கிடைக்கவில்லை; புது முகங்கள் வந்தார்கள். வந்த கையோடு சாமுவேல் லோபஸ் என்ற மரண தண்டனைக் கைதியின் மனு. புதிய உறுப்பினர்கள் சட்டப்படி நான்கு வாரப் பயிற்சி முடிக்க வேண்டும், முடிக்கவில்லை. மே 16 அன்று நடக்க இருந்த தண்டனையை அரிசோனா உச்ச நீதிமன்றம் ஜூன் 27க்குத் தள்ளி வைத்தது, உறுப்பினர்கள் பயிற்சி முடித்து வரட்டும் என்று. முடித்து வந்தார்கள். மனு கைகூடவில்லை. ஜூன் 27 அன்று தண்டனை நிறைவேறியது. மெக்கம்பர் அந்த ஆண்டு நவம்பரில் வெளியே வந்தார். வாரியம் வழியாக இல்லை, நீதிமன்றத்தில் அரசுத் தரப்போடு செய்துகொண்ட ஒப்பந்தம் வழியாக.

நியமித்தவரின் கணக்கு தப்பிப்போன கதையும் ஒன்று உண்டு. டென்னசியில் 1976இல் ஆளுநர் ரே பிளாண்டன், மேரி ரகியான்டி என்ற பெண்ணை மன்னிப்பு மற்றும் பரோல் வாரியத்தின் தலைவராக்கினார். கணவரைப் பிரிந்து மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். நன்றியோடு நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். அவரோ ஆளுநர் அலுவலகத்திலிருந்து வரும் சில பரிந்துரைகளின் பின்னால் பணம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு எஃப்.பி.ஐ.யிடம் பேசினார். 1977 ஆகஸ்டில் அவரை நீக்கினார்கள். அவர் வழக்குப் போட்டு 1978இல் ஜெயித்தார். அவருக்காக வாதாடியவர் பின்னாளில் செனட்டரான ஃபிரெட் தாம்ப்சன். அதே ஆண்டு டிசம்பரில் ஆளுநரின் சட்ட ஆலோசகரை, குறியிட்ட நோட்டுகளோடு எஃப்.பி.ஐ. பிடித்தது. 1979 ஜனவரியில், பதவி முடியச் சில நாட்களே இருக்கும்போது, பிளாண்டன் 52 கைதிகளுக்கு ஒரே இரவில் கருணை வழங்கினார். மாநிலமே பதறிப்போய், புதிய ஆளுநர் லாமர் அலெக்சாண்டருக்குக் குறித்த நாளுக்கு முன்பாகவே பதவிப் பிரமாணம் செய்து வைத்தது. நீக்கினால் வழக்குப் போட முடியும் என்ற அந்த ஒரு பாதுகாப்பு இல்லாவிட்டால் ரகியான்டியின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆளை மாற்றினால் எவ்வளவு மாறும் என்று எண்ணிக்கையில் பார்க்க விரும்புகிறவர்கள் அலபாமாவைப் பார்க்கலாம். 2018 ஜூலையில், பரோலில் வெளியே வந்த ஒருவர் மூன்று பேரைக் கொன்றார். அதில் ஒருவர் ஏழு வயதுச் சிறுவன். மக்கள் கோபம் நியாயமானது. 2019இல் சட்டத்தைத் திருத்தி வாரியத்தின் மீது ஆளுநரின் பிடியை இறுக்கினார்கள். ஆளுநர் கே ஐவி, அரசுத் தரப்பில் பணியாற்றி வந்த லீ குவாத்னியைத் தலைவராக நியமித்தார். மூன்றே பேர் கொண்ட வாரியம். 2017 வாக்கில் பரோல் கேட்டவர்களில் பாதிக்கு மேல் பேருக்குக் கிடைத்தது. 2023இல் கிடைத்தது 8 சதவீதம் பேருக்கு. நூற்றுக்குப் பாதி என்பது நூற்றுக்கு எட்டு ஆவதற்குள் கைதிகளின் குணம் அவ்வளவு கெட்டுப்போயிருக்க முடியாது.

நீதிமன்றம் இதையெல்லாம் தட்டிக் கேட்காதா என்றால், மிகக் குறைவாகவே கேட்கும். தண்டனைக் குறைப்பு கைதியின் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் கனெக்டிகட் வழக்கொன்றில் சொல்லிவிட்டது. 1998இல் ஓஹாயோ வழக்கு ஒன்றில் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் கொஞ்சம் இறங்கி வந்தார். கருணை தரலாமா வேண்டாமா என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்து முடிவெடுத்தால் தலையிடலாம் என்ற அளவுக்கு. அதாவது, கண்ணுக்குத் தெரியும் கேலிக்கூத்தாக இருந்தால் மட்டும். அதற்குக் கீழே உள்ள எல்லாமே வாரியத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் மனசாட்சி. மேல்முறையீடு இல்லாத இடத்தில் ஆள் தேர்வுதான் கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பும்.

நம் பக்கம் இப்படி ஒரு வாரியம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 161ஆவது பிரிவின்படி ஆளுநர் அமைச்சரவை சொல்வதைச் செய்ய வேண்டும். சொன்னதைச் செய்யாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதை, 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை அனுப்பிய பரிந்துரைக்கும் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்ததற்கும் இடைப்பட்ட காலம் சொல்லும். ஆயுள் கைதிகளின் முன்விடுதலைக்கு மட்டும் அறிவுரைக் கழகம் என்று ஒன்று உண்டு. அதில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி இங்கும் வந்திருக்கிறது. நளினியின் முன்விடுதலைக் கோரிக்கையை நிராகரித்த உத்தரவை 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கழகம் முறைப்படி அமைக்கப்படவில்லை என்பது காரணம். முறைப்படி அமைத்த கழகமும் 2010இல் வேண்டாம் என்றே சொன்னது. அமைப்பு சரியாக இருந்தால் முடிவு மாறிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஓக்லஹோமாவிலும் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். லக்கும் டாயிலும் போன பிறகு, ஆளுநர் பார்த்து அனுப்பிய புதிய ஆட்களோடு இருந்த வாரியம்தான் ஜேம்ஸ் காடிங்டனுக்கு 2022 ஆகஸ்டில் மூன்றுக்கு இரண்டு என்று கருணை பரிந்துரைத்தது. 2023இல் ஃபிலிப் ஹான்காக்குக்கும், 2024இல் இம்மானுவேல் லிட்டில்ஜானுக்கும் அதே மூன்றுக்கு இரண்டு. அந்த மூன்றையும் ஸ்டிட் நிராகரித்தார். மூவருக்கும் தண்டனை நிறைவேறியது. அதற்கு முன் 2021 டிசம்பரில் பிக்லர் ஸ்டாஃபருக்கும் இதுவேதான் நடந்தது. ஒரு கோப்பைக் கையில் வாங்கி, கைதியின் முகத்தைக் காணொளியில் பார்த்து, கொல்லப்பட்டவரின் குடும்பம் பேசுவதையும் கேட்ட பிறகு, நியமித்தவர் எதிர்பார்த்த மாதிரியே ஆட்கள் வாக்களிப்பதில்லை என்பது இதில் தெரிகிறது. அரசு வழக்கறிஞர்களாக இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதேபோல, வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் ஆளுநருக்கு அதிகாரம் இல்லை என்பது உண்மை. பரிந்துரை இருந்தும் அவர் கேட்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டும் திறந்தால்தான் வெளியே.

2025 நவம்பர் 5 அன்று ட்ரமேன் வுட் வழக்கில் வாரியம் மறுபடி மூன்றுக்கு இரண்டு என்று கருணைக்கு வாக்களித்தது. கத்தியால் குத்தியது தான்தான் என்று அவருடைய அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை, தம்பிக்கு மரண தண்டனை. நவம்பர் 13 காலை, மெக்காலிஸ்டர் சிறையில் எல்லாம் தயாராக இருந்த நேரத்தில், குறித்த நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு ஸ்டிட் தண்டனையைக் குறைத்தார். வாரியம் கருணை பரிந்துரைத்த மரண தண்டனைக் கைதிகளில் அவர் சம்மதித்தது ஜோன்ஸுக்கு அடுத்து இவருக்குத்தான்.

ஸ்டிட்டின் இரண்டாவது பதவிக்காலம் 2027 ஜனவரியில் முடிகிறது. மூன்றாவது முறை நிற்க அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுக்காது. அவரோடு வாரியத்தின் காலமும் முடிகிறது. அடுத்து வரும் ஆளுநர் பதவியேற்ற உடனேயே மூன்று பெயர்களைச் சொல்லியாக வேண்டும். 2026 தேர்தல் மேடைகளில் வேட்பாளர்களிடம் வரி பற்றியும் பள்ளிக்கூடங்கள் பற்றியும் கேட்பார்கள். அந்த மூன்று பெயர்களை யாராவது கேட்டால் நல்லது.